பொட்டு வைத்த பேக்கப்

“என் வீட்டை எனக்குப் பூட்டத் தெரியாதா டீச்சர்? வருஷா வருஷம் ஒருத்தர் வந்து பூட்டை ஆட்டிப் பாக்கணுமா?”

செங்கோடன் வாசலிலேயே கேட்டுவிட்டான். ஐம்பது தாண்டிய ஆள். பன்னிரண்டு விசைத்தறிக்கு முதலாளி.

நசீமா டீச்சர் ஸ்கூட்டரை நிழல் பார்த்து நிறுத்தினார்.

அவனைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனால் கம்ப்யூட்டரைத் தொடவே பயந்த காலத்தில் அவனுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாகப் பூ வரைந்துகொண்டிருந்தவன், அதற்கப்புறம் சேலை டிசைன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில்தான் போட்டான். அங்கிருந்து பென் டிரைவில் எடுத்துத் தறிக்கு ஏற்றுவான். தறி அதன்படி நெய்யும்.

அவனிடம் சேலை எடுக்கும் ஜவுளிக்காரர் இந்த வருஷம் ஒரு புது வம்பைக் கிளப்பியிருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை விவரம் தெரிந்த யாராவது வந்து கம்ப்யூட்டர், கேமரா, பாதுகாப்பு எல்லாம் பார்த்து ‘சரி’ சொல்ல வேண்டுமாம். சொன்னால்தான் தீபாவளி ஆர்டர்.

செங்கோடனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் மனக்கணக்குப் போட்டான். வெளியாள் வந்தால் குடைவான். நம்ம டீச்சர் என்றால் ஒரு டீயைக் குடித்துவிட்டு, சரி சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

விஜயதசமி அன்றைக்கே வரச் சொன்னான். குருவை மரியாதையாக அழைத்த மாதிரியும் ஆயிற்று.

முதல் நாள்தான் ஆயுத பூஜை. தறியிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வரைக்கும் சந்தனமும் குங்குமமும். கம்ப்யூட்டருக்குக் கதம்ப மாலை.

“நாலு கேமரா போட்டிருக்கேன். ஈ நுழைஞ்சாக்கூடத் தெரியும்,” என்று திரையைக் காட்டினான்.

நாலு கட்டத்திலும் ஒரே சிவப்பு மூட்டம். பூஜை போட்டவர்கள் கேமராவின் கண்ணிலேயே பொட்டு வைத்திருந்தார்கள்.

டீச்சர் திரையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“தொடச்சா போச்சு. ஆயுத பூஜை அன்னைக்கு எந்தத் திருடன் வருவான்?”

“ஏன், அவனுக்கு லீவா?”

செங்கோடன் ஸ்டூலைப் போட்டு ஏறித் துடைத்தான். துடைத்ததில் ஒரு கேமரா கூரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. அதை அவன் கவனிக்கவில்லை.

“பேக்கப்?” என்றார் டீச்சர்.

அந்தக் கேள்விக்குத்தான் அவன் காத்திருந்தான்.

“நீங்க சொல்லிக்குடுத்த பாடம், மறப்பனா? எல்லா டிசைனும் தனி ஹார்டு டிஸ்குல ஏத்தி, மஞ்சத் துணியில கட்டி, சாமி ரூம்ல வெச்சிருக்கேன். ஆறு வருஷமாச்சு. வருஷம் தவறாம எடுத்து, தொடச்சு, சந்தனம் வெச்சுத் திரும்பக் கட்டி வெச்சிருவேன்.”

“அதைத் தொறந்து காட்டுங்கண்ணா.”

“சாமிகிட்ட இருக்கறதை எதுக்குங்க தொறந்துகிட்டு? நான் இருக்குங்கறேன், நீங்க நம்ப மாட்டீங்களா?”

சொல்லிவிட்டு டீ சொல்லப் போனான்.

டம்ளரோடு திரும்பி வந்தபோது மாலை தரையில் கிடந்தது. டீச்சர் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், என்னங்க இது?”

“திருடு போயிருச்சுங்கண்ணா.”

“யாரு திருடுனது?”

“நான்தான். நீங்க தறியை ஓட்டுங்க.”

ஸ்கூட்டர் கிளம்பிப் போயே போய்விட்டது.

அன்றைக்கு மத்தியானம் தீபாவளிக்கான மயில் பார்டரைத் தறியில் ஏற்ற வேண்டும். செங்கோடன் இரண்டு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு போட்ட டிசைன் அது. அது அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

“போகட்டுமே! எனக்கென்ன, பேக்கப் இருக்குது!” என்றான், தறிக்காரர்கள் காதில் விழும்படி.

சாமி அறைக்குப் போனான். மஞ்சள் துணியைப் பிரித்தான். மகளுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்து ஹார்டு டிஸ்கின் வயரைச் செருகினான்.

வயர் உள்ளே போகவில்லை.

துளை இருந்த இடத்தில் சந்தனம் இருந்தது. ஆறு வருஷத்துச் சந்தனம், ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து சிமெண்டு ஆகியிருந்தது. ஊக்கை விட்டுக் குடைந்தான். ஊசியால் சுரண்டினான். கடைசியில் வயர் போனது. டிஸ்கில் விளக்கு எரியவில்லை.

தறிக்காரர்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹார்டு டிஸ்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

டீச்சர் வீட்டுக்கு அவன் போனபோது அவர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“கம்ப்யூட்டரைக் குடுங்க.”

“திருடன்கிட்ட கேட்டா குடுப்பானா?”

“விளையாடாதீங்க டீச்சர். பன்னண்டு தறியும் சும்மா நிக்குது.”

“பேக்கப் இருக்குன்னீங்களே.”

சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினான். டீச்சர் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“நல்லா மணக்குது.”

செங்கோடனுக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தை மறைக்கக் கோபம்தான் கைக்கு வந்தது.

“வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க! மயில் என் மண்டைக்குள்ள இருக்கு. கிராப் பேப்பர்ல இன்னொரு தடவை போடுவேன். செங்கோடன் யார்கிட்டயும் கையேந்த மாட்டான்.”

“போடுவீங்க. எனக்குத் தெரியும். மத்ததெல்லாம்?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். இத்தனை வருஷமாகப் போட்ட பூவும் கொடியும் அன்னமும் யானையும் எத்தனை என்றே அவனுக்குத் தெரியவில்லை.

டீச்சர் உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார்.

“அப்ப ஜவுளிக்காரர்கிட்ட சரின்னு சொல்லிருவீங்கல்ல?”

“மாட்டேன்.”

“நான் உங்க சிஷ்யன் டீச்சர்!”

“அதனாலதான்.”

தீபாவளி ஆர்டர் பக்கத்துத் தெருவுக்குப் போனது. பாதித் தறி நின்றது. டீச்சர் தன் வயிற்றில் அடித்துவிட்டார் என்று செங்கோடன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பொருமினான். பொங்கல் வரைக்கும் பொருமினான். அப்புறம் ஏனோ அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அடுத்த விஜயதசமிக்கு அவன் டீச்சரை அழைக்கவில்லை. அவரே வந்தார்.

செங்கோடன் வாசலை மறித்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் காலடியில் கம்ப்யூட்டர் பெட்டி, கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தது. தலைக்கு மேலே கேமரா. இந்தத் தடவை பொட்டு அதன் மண்டையில் இருந்தது.

“எடுத்துட்டுப் போங்க,” என்றான்.

“இன்னைக்குப் புது டிசைன் ஏத்தற நாளாச்சே?”

“ஏத்தியாச்சு. காதுல விழலையா?”

உள்ளே பன்னிரண்டு தறியும் அதிர்ந்துகொண்டிருந்தன.

“பெட்டி இங்க இருக்கு. அப்புறம் எதுல இருந்து ஏத்துனீங்க?”

“அதைத் திருடன்கிட்டப் போய்ச் சொல்லுவாங்களா?”

டீச்சர் பெட்டியின் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

“நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற திருடன். நான் மாசா மாசம் எனக்கே திருடன். இதைக் கழட்டி மூலையில வெச்சிட்டு ஓட்டிப் பாக்கறேன். ரெண்டு தடவை தறி நின்னுச்சு. மூணாவது தடவை நிக்கலை. தூக்குங்க, பாக்கலாம்!”

டீச்சர் குனிந்து பெட்டியைத் தூக்கினார். ஸ்கூட்டரில் வைத்தார். கிளம்பினார்.

செங்கோடன் ஓடவில்லை. தறியும் நிற்கவில்லை.

ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்:

“டீச்சர்! டீயாவது குடிச்சிட்டுப் போங்க!”