அக்காவுக்கு ஒரு நூல்

"மனித மடமையைப் பற்றி எளிய நூலொன்று சொல்லுங்கள், அம்மா. படிப்பு வாசனை இல்லாதவர்களுக்கும் புரிய வேண்டும்."

மலையடிவார மடத்தின் நூலகத்தைப் பேணிவந்த மெய்யம்மைத் தாயார் நிமிர்ந்து பார்த்தார். எதிரே புள்ளியியல் பேராசிரியர் நெல்லையப்பன்.

"யாருக்கு?"

"என் அக்கா பிச்சம்மாளுக்கு. நாளை மறுநாள் என் மனைவி கோமதிக்குத் தலைத்திவசம். அக்கா வருகிறேன் என்கிறாள். முதலில் படிக்கட்டும், செய்த பிழையை உணரட்டும், அப்புறம் என் வாசற்படி ஏறட்டும்."

ஓராண்டாக அந்தக் கோபம் ஒன்றுதான் அவரை எழுப்பி நடமாட வைத்திருந்தது.

தாயார் இரண்டு நூல்களை எடுத்து நீட்டினார்.

"இது தற்செயலைப் பற்றியது, எல்லாரும் விரும்பிப் படிப்பது. இது, வேண்டாததைக் காண மறுக்கும் மனத்தைப் பற்றியது."

"இரண்டையும் கரைத்துக் குடித்தவன் நான்."

"குடித்தது செரித்ததா?"

பேராசிரியர் முகம் சுளித்தபடி ஒன்றை வாங்கிக்கொண்டார்.

"அக்கா செய்த பிழைதான் என்ன?" என்றார் தாயார்.

"கோமதிக்குத் தலைக்குள் கட்டி. அறுத்தாலும் உறுதியில்லை, அறுக்காவிட்டாலும் உறுதியில்லை என்றார் மருத்துவர். அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றாள் அக்கா. இரண்டு பொட்டலம். சிவப்புப் பூ வந்தால் அறுவைச் சிகிச்சை. வெள்ளை வந்தால் வேண்டாம். வெள்ளை வந்தது. நாற்பதாம் நாள் கோமதி போய்விட்டாள். 'பூவைக் கேட்டுத் தம்பி பெண்டாட்டியைக் கொன்றவள்' என்று ஊரே அக்காவை ஏசுகிறது. ஏசட்டும்."

"மருத்துவர் கேட்டபோது, கணக்குப் படித்த நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

நெல்லையப்பன் சன்னலைப் பார்த்தார்.

"ஒன்றும் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை."

"பொட்டலத்தைக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது வழக்கம். எந்தக் குழந்தை எடுத்தது?"

"அன்று அங்கே குழந்தை எவரும் இல்லை."

"அப்படியானால் எடுத்தது யார்?"

நெல்லையப்பன் நூலைப் பற்றியிருந்த தம் வலக்கையைப் பார்த்தார். அதை அவர் இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். நூல் நழுவிக் கீழே விழுந்தது. இருவருமே குனியவில்லை.

தாயார் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஊர் இத்தனை ஏசியதே, எடுத்தவர் யாரென்று அந்த அம்மாள் எவரிடமாவது சொன்னாரா?"

"ஒருவரிடமும் இல்லை, அம்மா."

நெல்லையப்பன் குனிந்து நூலை எடுத்தார்.

"'நீதானே எடுத்தாய்' என்று, என்னிடம்கூட."