பந்தி விசாரிப்பு

தில்லையம்மையின் மடத்தில் அன்று குருபூசை. மலையடிவாரமே திமிலோகப்பட்டது. வேன் வேனாகச் சனம் வந்து இறங்க, நாதஸ்வரம் ஒரு பக்கம், பிள்ளைகளின் கூச்சல் ஒரு பக்கம், அடுப்படியில் கரண்டிச் சத்தம் ஒரு பக்கம். பந்தி விசாரிக்க வேண்டிய நல்லசிவத்தை மட்டும் காணோம்.

பந்தி விசாரிப்பில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இலைக்கு இலை குனிந்து, "சாம்பார் வரட்டுமா? வயிறு நெறஞ்சுதா?" என்று அவர் கேட்டால், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவரும் சிரித்த முகமாக இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார். லாரி ஓட்டிய மனிதர். மனைவி பூங்கோதை இறந்தபின் மடமே கதி என்று வந்துவிட்டார். அந்தச் சாவுக்குக்கூட அவர் வாய்விட்டு அழவில்லை.

அப்படிப்பட்டவர் இப்போது உக்கிராண அறையில், சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, சாயங்காலப் பூசைக்கு அடுக்கிவைத்த அதிரசத்தை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தார். பசி இல்லை. ருசியும் தெரியவில்லை. ஒரு வாய் தின்பதும், தன் கன்னத்தில் தானே ஓர் அறை விடுவதுமாக இருந்தார்.

"தின்னு! இன்னும் தின்னு! வெக்கங்கெட்ட பொணமே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"அண்ணாச்சி."

வாசலில் தில்லையம்மை. வயதில் அவருக்கு மகளாகலாம். ஆனால் அவருக்கும் அந்த மடத்துக்கும் அம்மைதான் குரு. நல்லசிவம் அப்படியே காலில் விழுந்தார். கையில் பாதி அதிரசம் இருந்தது.

"சாமிக்கு வச்சதுல கை வச்சுட்டேம்மா. பசியே இல்ல. காலையில வேன்ல இருந்து குடும்பம் குடும்பமா இறங்குறதைப் பாத்தேன். நெஞ்சை அடைச்சுது. கால் தானா இங்க வந்துட்டு."

"இது முதல் தடவையா?"

"இல்லம்மா. ஒவ்வொரு தடவையும் பட்டினி கிடந்துதான் பாக்கேன். பட்டினி முடிஞ்ச மறுநாளே இதைவிட மோசமாத் தின்னுடுதேன். எனக்கு ஒரு மண்டலம் பட்டினி போடுங்க. இல்லன்னா இப்பவே மூட்டையைக் கட்டிட்டுப் போயிடுதேன். இந்த மூஞ்சியோட இங்க இருக்க முடியாது."

அம்மை கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"தண்டனைதானே? தாரேன். முதல் பந்தியில வயிறாரச் சாப்பிட்டுட்டு ரெண்டாம் பந்தியிலயும் ஒருத்தர் வந்து உக்காந்திருக்கார். பச்சைத் துண்டு. அவர்கிட்டப் போங்க. இப்ப உங்களை நீங்களே என்ன சொன்னீயளோ, அதையே ஒரு வார்த்தை குறையாம அவர்கிட்டச் சொல்லுங்க. கன்னத்துலயும் ஒண்ணு வைங்க."

நல்லசிவத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா! பந்தியில உக்காந்த ஆளையா?"

"குரு சொல்லுதேன். போங்க."

குரு வாக்கை மீற முடியுமா? போனார். கூடத்தில் சோறு ஆவி பறக்க வந்துகொண்டிருந்தது. பரிமாறுகிறவர்கள் அங்குமிங்கும் ஓடினார்கள். பச்சைத் துண்டுக்காரர் ஓர் ஓரமாக, யார் கண்ணிலும் படாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு. இலை நுனியை நிமிண்டிக்கொண்டிருந்தார்.

நல்லசிவம் அவர் முன்னால் நின்று கையை ஓங்கினார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஏற்கெனவே சாப்பிட்டாச்சு. பசிக்குன்னு வரல. எந்திரிச்சுப் போயிடவா?"

ஓங்கிய கை அவர் தோளில் போய் உட்கார்ந்தது.

"எங்க போறீய? உக்காருங்க!" நல்லசிவம் பக்கத்திலேயே தரையில் சம்மணமிட்டார். "என்ன அண்ணாச்சி, வீட்டுல எல்லாரும் சுகந்தானா?"

அவ்வளவுதான். அந்த மனிதர் உடைந்துபோனார். மகன் பேச்சை நிறுத்திவிட்டதைச் சொன்னார். பூட்டின வீட்டுக்குள் போகப் பிடிக்காமல் கல்யாணம், கோயில், மடம் என்று பந்தி பந்தியாக உட்காருவதைச் சொன்னார். சொல்லச் சொல்லச் சோறு ஆறிப்போனது. ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இப்பப் போதும் அண்ணாச்சி" என்று தானாகவே இலையை மூடி எழுந்தார்.

நல்லசிவம் ஓடினார். எதிரே வந்த பாயச வாளியைத் தாண்டி, செருப்புக் குவியலை மிதித்துக்கொண்டு, இளைக்க இளைக்க உக்கிராண அறைக்கு ஓடினார்.

"அம்மா! முடியலம்மா! உங்க சொல்லை மீறிட்டேன்!"

"திட்டலையா?"

"எப்படித் திட்ட?"

"ரெண்டு பந்தி சாப்பிட்டவராச்சே."

"சாப்பிடட்டுமே! அது பசியாம்மா? மனசு தவிச்சு வந்த மனுசன்! அவரைப் போய் அடிச்சா, அந்த வலியில அடுத்த பந்திக்கும்லா வந்து உக்காருவார்! பட்டினி போட்டாத் தீருமா இது? பக்கத்துல உக்காந்து என்ன ஏதுன்னு கேட்டாப் போதும்மா, பாவம், அந்த மனுசன்..."

வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது. தான் அறைந்த கன்னத்தைத் தானே தொட்டுப் பார்த்தார்.

அம்மை ஒரு சாக்கை விரித்து அவரை உட்காரவைத்தார். தானும் எதிரே உட்கார்ந்தார்.

"காலையில வேன்ல யாரைப் பாத்தீய, அண்ணாச்சி?"

"ஒரு பொம்பளை இறங்குனா. அசப்புல எங்க பூங்கோதை மாதிரியே..."

ஐம்பத்தைந்து வயது லாரிக்காரர் ஓவென்று அழுதார். நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்டது அந்த அழுகை. அடுப்படியிலிருந்து ரெண்டு பேர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். அம்மை கையைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்பினார். அவர் அழுது முடிக்கிற வரைக்கும் குருபூசை காத்திருந்தது.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார் நல்லசிவம். பழக்கம் விடுமா? தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்போ எனக்கு அந்த ஒரு மண்டலம் பட்டினி?"

அம்மை சொன்னார்:

"இந்த மடத்தை நம்பி வந்த ஒருத்தரைப் பட்டினி போட இங்க யாருக்கும் அதிகாரம் கிடையாது, அண்ணாச்சி. உங்களுக்கும் கிடையாது."