சறுக்குப் பிடிச் சத்தியம்

பரிசு ஒன்றுக்கு மூவர் உரிமை கோருவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ‘வஞ்சிக்கப்பட்டவன் நானே’ என்னும் மனக்குறைக்கு மூவர் உரிமை கோரிய வழக்கு இது. பொறுமையாகக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

தென்பாண்டிச் சீமையில் மணற்குடி என்னும் ஊரின் கபடி அணியைப் பதினோர் ஆண்டுகள் பயிற்றுவித்தவர் கொம்பையா. அவர் உருவாக்கிய பிடி ஒன்று உண்டு. எதிரணியிலிருந்து ஒருவன் பாடி வந்ததும், இடக்கோடியில் நிற்பவன் கால் சறுக்கியவனைப் போலத் தடுமாறுவான். தொட்டுவிடலாம் என்னும் ஆசையில் வந்தவன் காலை நீட்டுவான். நீட்டிய காலின் கணுவைப் பக்கத்தில் நிற்பவன் பற்றிவிடுவான். சறுக்குப் பிடி என்று பெயர் பெற்ற அந்த உத்தியால் மணற்குடிக்குப் பொங்கல் கோப்பை ஆறு முறை கிடைத்தது.

பின்னர் நெடுங்கரை அணி அவரை அழைத்தது. மகளை அவ்வூரில் கட்டிக்கொடுத்திருந்தமையால் அவரும் இசைந்தார். அணியை விட்டுப் போகிறவர் களத்து மண்ணைக் கையில் அள்ளி விடைபெறுவது அப்பக்கத்து வழக்கம். அவர் அள்ளிய மண்ணின்மேல் மணற்குடி அணித்தலைவன் தளவாய் தன் கையையும் வைத்தான்.

“மாஸ்டர், சறுக்குப் பிடிய அங்க சொல்லிக் குடுக்கக் கூடாது. நாங்களும் ஒங்க டீமுக்கு எதிரா இதப் போட மாட்டோம். நீங்க மீறினா எங்களுக்கும் கட்டு இல்ல.”

“சரிடே, சத்தியம்” என்றார் கொம்பையா.

நெடுங்கரையில் மாலையோடு எதிர்கொண்டவன் அவ்வணித் தலைவன் சுயம்புலிங்கம், மின்வாரிய ஊழியன். “மாஸ்டர், ஒங்க வித்தையெல்லாம் இனி எங்களுக்குத்தான?” என்று கேட்டான்.

“எல்லாம் ஒங்களுக்குத்தான்” என்றார் அவர். சத்தியத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சினார். மற்றப் பிடிகளைக் கொண்டே வென்றுவிடலாம் என்றும் நம்பினார்.

நம்பிக்கை பலிக்கவில்லை. முதலாண்டில் இறுதியாட்டம் வரை சென்ற அணி, மறு ஆண்டில் காலிறுதியில் கவிழ்ந்தது. மூன்றாம் ஆண்டில் ஆடிய ஏழு போட்டிகளில் ஆறில் தோற்றது. தேநீர்க்கடையில் அவர் காதுபடவே பேசினார்கள்.

“மாஸ்டரு சரக்கையெல்லாம் மணற்குடியிலயே எறக்கி வச்சுட்டு, வெறுஞ்சாக்கோடல்லா வந்திருக்காரு!”

“சாக்க நல்லாப் பாருங்க அண்ணாச்சி, அதுலயும் ஓட்ட.”

கொம்பையா தேநீரோடு அதையும் சேர்த்து விழுங்கினார். வாக்குத் தவறவில்லை என்னும் நிறைவு ஒன்றே அவருக்கு எஞ்சியிருந்தது.

அவ்வாண்டுப் பொங்கல் கோப்பையில், குலுக்கலில் முதல் ஆட்டமே மணற்குடியோடு விழுந்தது. இதிலும் தோற்றால் வேறு பயிற்சியாளரைப் பார்த்துக்கொள்வோம் என்று நெடுங்கரைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

முதற்பாதி முடியும் தறுவாயில் நெடுங்கரை ஐந்து புள்ளிகள் முன்னே நின்றது. அப்போது இடக்கோடியில் சுயம்புலிங்கம் தடுமாறினான். பாடி வந்தவன் காலை நீட்டினான். கணு சிக்கியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. கொம்பையாவோ உடனே ஆட்டத்தை நிறுத்தக் கேட்டுச் சுயம்புலிங்கத்தை அழைத்தார்.

“யாருடே ஒனக்கு இதச் சொல்லித் தந்தது?”

“யாரும் இல்ல மாஸ்டர். மணற்குடி பழைய மேட்ச செல்போன்ல போட்டுப் பாத்தோம். நீங்க சொல்லித் தருவீங்க, தருவீங்கன்னு இருந்தோம். அப்பறம் நாங்களே பழகிட்டோம்.”

“வெளிய வா.”

அணியின் தலைசிறந்த ஆட்டக்காரனை அவரே வெளியே உட்கார வைத்தார். எதிர்ப்புறத்தில் நின்ற தளவாய் அதனை முழுமையாகப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தன் ஆட்களைச் சுற்றி நிறுத்தி ஏதோ சொன்னான்.

இரண்டாம் பாதியில் மணற்குடி சறுக்குப் பிடியை ஐந்து முறை போட்டது. எப்படித் தடுமாற வேண்டும், எந்தக் கணத்தில் பாய வேண்டும் என்று கொம்பையா கைப்பிடித்துப் பழக்கிய அதே கால்கள், அதே கைகள். நெடுங்கரை ஒரு புள்ளியில் தோற்றது. களத்தை விட்டு வெளியேறுவதற்குள் அவருடைய பதவியும் போயிற்று.

நேரே தளவாயிடம் சென்றார். “மண்ணத் தொட்டவனாடே நீ? சோறுதான திங்க? என்னய ஏமாத்திட்டியே!”

“மொதல்ல போட்டது ஒங்க ஆளு மாஸ்டர். அப்பவே கட்டு அறுந்துட்டு. ஏமாந்தது நாங்கதான்.”

பின்னால் வந்து நின்ற சுயம்புலிங்கம், “என்ன கட்டு?” என்று கேட்டான்.

வேறு வழியின்றிக் கொம்பையா நடந்ததைச் சொன்னார். அவன் இறுதிவரை குறுக்கிடாமல் கேட்டான்.

“அப்ப மூணு வருசமா நாங்க எதனால தோக்கோம்னு ஒங்களுக்குத் தெரியும். ஊரு ஒங்கள ஏசும்போதெல்லாம் நான்தான மாஸ்டர் சண்டைக்குப் போனேன்? ஏமாந்தவன் நான்.”

தீர்ப்புச் சொல்ல வந்தவர்களே! வஞ்சிக்கப்பட்டேன் என்று கூறும் முழு உரிமை இம்மூவரில் யாருக்கு உண்டு?

விடை: தளவாய்க்கு இல்லை. சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதே சத்தியம். சுயம்புலிங்கமோ தானே பார்த்துப் பழகியவன். தளவாய்க்கு ஐயம் எழுந்திருந்தாலும், கொம்பையா சுயம்புலிங்கத்தை வெளியேற்றியதைக் கண்டபோதே அது தீர்ந்திருக்க வேண்டும். கண்ட பின்னரும் பிடியைப் போட்டவன் வஞ்சித்தவனே. கொம்பையா வஞ்சிக்கப்பட்டார் என்பது மெய். ஆயினும் அவருக்குப் பாதி ஆட்டத்தில் நேர்ந்ததை அவர் நெடுங்கரைக்கு மூன்று ஆண்டுகள் செய்தார். சத்தியம் செய்தது பிழையன்று. அதை மறைத்து வேலை ஏற்றதே பிழை. ஒருவருக்கும் வாக்குத் தவறாமல் தோல்வியை மட்டும் சுமந்தவன் சுயம்புலிங்கம். முழு உரிமை அவனுக்கே. கொம்பையாவுக்கும் இது தெரிந்துதான் இருந்தது. தளவாயை முகத்துக்கு நேரே ஏசிய அவரால், சுயம்புலிங்கத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.