எள்ளுக்காய் வாய் திறந்த நாள்

பயிர்களெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எள்ளுக்காய்க்கு வாய் கிடையாது. நாலு பக்கமும் இறுக மூடிய காய். உள்ளே இருந்தபடியே முணுமுணுக்கும். சோளமோ காட்டுக்கத்தல் கத்தும். அதனால், அந்தப் புன்செய்க் காட்டில் பயிர் வைத்த சங்கிலியும் அவன் மனைவி ஏகம்மாளும் வருஷா வருஷம் சோளத்தைத்தான் முதலில் அறுப்பார்கள். பிறகு உளுந்து. எள்ளின் முறை வருவதற்குள் மழை முந்திக்கொள்ளும். பாதி விதை காய்க்குள்ளேயே அழுகிப்போகும்.

அந்த வருஷம் நிலைமை மோசம். சங்கிலி வீட்டு விதைப்பானையில் ஒரு எள்கூட மிச்சமில்லை. இந்த அறுப்பில் விதை தேறாவிட்டால் தன் வம்சமே அந்தக் காட்டில் இருக்காது என்று எள்ளுக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, தண்டு மஞ்சளாயிட்டு. இன்னைக்கே அறுத்திருங்க" என்று முணுமுணுத்தது.

அருவாளைத் தீட்டிக்கொண்டிருந்த சங்கிலி சிரித்தான். "இத்துனூண்டு இருந்துக்கிட்டு ஒனக்கென்ன அவசரம்? சோளம் முடியட்டும்."

மூன்று நாள் கேட்டது. மூன்று நாளும் அதே பதில். "அது சொல்றதையும் கொஞ்சம் கேளுங்களேன்" என்று ஏகம்மாள் சொல்லிப் பார்த்தாள். அந்த மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே!

நாலாம் நாள் மேற்கே மேகம் கறுத்தது. சங்கிலி அப்போதும் சோளத்தட்டையைத்தான் கட்டிக்கொண்டிருந்தான். எள்ளுக்கு ஆத்திரம் பொங்கியது. மூச்சைப் பிடித்து, காயின் நுனியை இரண்டாகப் பிளந்துகொண்டு கத்தியது:

"ஏலே சங்கிலி! இப்ப வாறியா, இல்லையா?"

காடே திரும்பிப் பார்த்தது. சோளம்கூட வாயை மூடிக்கொண்டது. பதறி ஓடிவந்த சங்கிலி ஒரு கட்டு எள்ளை அறுத்து, வழக்கம்போலத் தலைகீழாகத் தோளில் போட்டான். பிளந்த வாய் வழியே விதை பொலபொலவென்று மண்ணில் கொட்டியது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தலைய மேல பாத்துப் பிடிங்க!" என்றாள் ஏகம்மாள். மீதிச் செடிகளைத் தானே அறுத்தாள். நிமிர்ந்தபடியே தூக்கிப்போய், மழைக்கு முன்னால் கொட்டகைக்குள் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தினாள். ஒரு வாரம் காய்ந்ததும் பழைய சேலையை விரித்து, எள்ளுக்கட்டைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். முன்பெல்லாம் நகத்தால் காயை உடைத்து உடைத்து ஒரு மாதம் இழுக்கும் வேலை, ஒரே காலையில் முடிந்தது. விதைப்பானை நிறைந்தது. மண்ணில் கொட்டிய விதையும் மழையில் முளைத்துவிட்டது.

அடுத்த வருஷம் காய் பிடித்தபோது சங்கிலி எள்ளுக்கு முன்னால் போய் நின்றான். "பழையபடி வாய மூடிக்கிறியா?"

"மாட்டேன் அண்ணாச்சி. மஞ்சளானதும் வந்தா விதை ஒங்களுக்கு. பிந்தினா மண்ணுக்கு. எனக்கு ரெண்டும் சம்மதம்."

அன்று முதல்தான், சோளம் தொண்டை கிழியக் கத்தினாலும், எள்ளுக்காடு மஞ்சளித்துவிட்டால் அருவாள் முதலில் அங்கே போகிறது.