மன்னரின் பின்னால் படியேறியவன்

முன்னொரு காலத்தில், இன்று பெயர்கூட மிஞ்சாத ஒரு நாட்டை அதிசூரர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நெய்ச்சோறும் அதிரசமும் அவர் உடம்பை எப்படி வளர்த்தன என்றால், ஒருநாள் படை அணிவகுப்பில் அவரைச் சுமந்த குதிரை முன்னங்கால் மடங்கி விழுந்தது. வீரர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மௌனம்தான் மன்னரை உறுத்தியது.

அரண்மனை வைத்தியர் திருமேனிப் பண்டிதர் அவரை இருபது நாள் கஞ்சித் தண்ணீரிலேயே வைத்திருந்தார். எடை குறைந்தது. ஆனால் கொற்றவை கோயில் விழாவில் வாளை உயர்த்தியபோது மன்னரின் கைக்கு அதன் பாரம் தாங்காமல், வாள் தரையில் விழுந்தது. அன்றே பட்டினியை விட்டார். இரண்டு மாதத்தில் முன்னைவிடப் பெருத்துவிட்டார்.

"எடை குறைய வேண்டும். பலம் கூட வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்க வேண்டும். யாரால் முடியும்?" என்று சபையில் கேட்டார்.

பண்டிதர் எழுந்தார். விகடகவி வேம்பனிடம் மட்டும் மன்னர் மனம்விட்டுப் பேசுவது அவருக்கு நெடுநாள் எரிச்சல். "நடக்காததை நடத்திக் காட்ட நம் வேம்பன்தான் சரியான ஆள், அரசே. மூன்று மண்டலம் கொடுங்கள். தவறினால் தலையை எடுத்துவிடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

வேம்பன் மன்னரின் தோள்களுக்கு மேலே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அரசே, தங்கள்மேல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். முதலில் அவனை இறக்க வேண்டும்."

சபையோர் எல்லாரும் மன்னரின் தோள்களையே பார்த்தார்கள்.

கோட்டைக்குப் பின்னால் ஒரு குன்று. அதன் பாறையை உள்ளே குடைந்த குகைபோன்ற வழியில் உச்சிவரை முந்நூறு படிகள். கொள்ளைநோய்க் காலத்தில் பிணங்களை அந்த வழியாகத்தான் மேலே கொண்டுபோனார்கள். அதன்பின் யாரும் அதில் கால் வைத்ததில்லை. விடிந்ததும் வேம்பன் மன்னரை அங்கே அழைத்துப் போய், தேங்காய் அளவு கல் ஒன்றை அவர் கையில் கொடுத்தான்.

"தினமும் தாங்கள் தனியாக ஏற வேண்டும். தாங்கள் வேறொரு பாரத்தைச் சுமந்தால் அவனுக்குப் பொறுக்காது. இறங்கிப் பின்னால் நடப்பான்."

"சாப்பாடு?"

"தாங்கள் உண்பதைத்தான் அவனும் உண்கிறான். நெய்யும் வெல்லமும் அவனுக்கு உயிர். கொள்ளு, கீரை, ஆற்றுமீன், முட்டை, மோர் இவையெல்லாம் அவனுக்கு ஆகாது; தாங்கள் அவற்றையே உண்ண வேண்டும். ஆனால் பட்டினி மட்டும் கூடாது அரசே. தாங்கள் சோர்ந்தால் அவன் பிடி இறுகும்."

மன்னர் உள்ளே நுழைந்தார். முப்பதாவது படியில் மூச்சு வாங்கியது. அப்போதுதான் கேட்டது, பின்னால் இன்னொரு காலடி. அவர் நின்றார், ஒரு கணம் தாமதித்து அதுவும் நின்றது. மன்னருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார்.

மறுநாளும் போனார். பயம் இருந்தது; ஆனால் குதிரை விழுந்த நாளின் மௌனம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வாரங்கள் ஓடின. தேங்காய் அளவுக் கல் சிறு பூசணி அளவாயிற்று, பிறகு ஆட்டுக்கல் குழவி அளவாயிற்று. காலடி மட்டும் மாறவில்லை. ஒருநாள் வாசலில் வேம்பனிடம், "அவன் என்னைப் போலவே மூச்சு வாங்குகிறான்" என்றார். வேம்பன் அடுத்த கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

மூன்று மண்டலம் முடிந்த அன்று கோயில் தராசில் மன்னரை நிறுத்தார்கள். மூன்று மணங்கு குறைந்திருந்தது, ஏறக்குறைய ஓர் ஆட்டுக்கடாவின் எடை. மன்னர் வாளை ஒரே கையில் தலைக்கு மேல் சுழற்றிக் காட்டினார்.

பண்டிதர் விடவில்லை. "யாரோ உட்கார்ந்திருப்பதாக இவன் சொன்னான், அரசே. அந்த ஆளை இங்கே காட்டட்டும். இல்லையென்றால் மன்னரிடம் பொய் சொன்ன குற்றத்துக்குத் தலை போகட்டும்."

"காட்டுகிறேன்" என்றான் வேம்பன். ஆற்றுமணலைத் தோல்பையில் நிரப்பி, சரியாக மூன்று மணங்கு நிறுத்து, குன்றின் வாசலுக்குக் கொண்டுவரச் செய்தான். "இவன்தான். அரசே, ஒருமுறை தோளில் ஏற்றி நூறு படி போய் வாருங்கள்."

மன்னர் ஏறினார். பாறைச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தார். பையைக் கீழே போட்டுவிட்டு அதையே பார்த்தார்.

"இவனையும் சுமந்துகொண்டா இத்தனை வருடம் நடந்தேன்?"

வேம்பன் கைகூப்பினான். "ஆமாம் அரசே. ஒன்றை மட்டும் மறைத்தேன். தாங்கள் கேட்ட காலடி எதிரொலிதான். அந்தப் பாறை எல்லாச் சத்தத்தையும் திருப்பிச் சொல்லும்."

மன்னர் நிமிர்ந்தார். "இன்று சொல்லவில்லையே, வேம்பா. இன்று என் காலடி மட்டும்தான் கேட்டது."

வேம்பனின் முகம் வெளுத்தது. பையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "இன்று அவன் தங்கள் தோளில் அல்லவா இருந்தான், அரசே. பின்னால் நடக்க ஆள் ஏது?"

மன்னர் ஒரு கணம் திகைத்தார். அடுத்த கணம் வயிறு குலுங்கச் சிரித்தார். குடைவழியின் உள்ளிருந்தும் ஒரு சிரிப்பு, சற்றுத் தாமதமாக வந்தது.

தம் முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டார். பண்டிதரிடம் மணல் பையைக் காட்டி, "இவனைச் சுமந்துபோய் ஆற்றில் கொட்டிவிட்டு வாரும்" என்று கட்டளையிட்டார்.

பண்டிதர் பையோடு தள்ளாடிக்கொண்டே ஆற்றுக்குப் போனார். மணலைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். அப்போதும் அவர் குனிந்து, அதே தள்ளாட்டத்தோடுதான் நடந்து வந்தார்.