மரவட்டை மேஸ்திரியும் எறும்புத் தோணியும்

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு பலா மரம். அதன் அடியில் செவ்வெறும்புகள் புற்று வைத்திருந்தன. அதே மரத்தின் பட்டைக்குள் சுருளப்பன் என்ற மரவட்டை குடியிருந்தான்.

சுருளப்பனுக்குத் தன் கால்களைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. "இத்தனை காலும் என் ஒரு தலை சொன்னபடி நடக்குது! தலை ஒண்ணு சொல்லாம உலகத்துல எதுவும் நடக்காது!" என்று போகிற வருகிற பூச்சிகளையெல்லாம் நிறுத்தி வைத்துப் பேசுவான். அவனைக் கண்டாலே பூச்சிகள் வேறு வழியாகப் போய்விடும்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. ஆறு கரையை மீறிப் புற்றுக்குள் புகுந்தது. எறும்புகள் ராணியையும் முட்டைகளையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடி வந்தன. மரத்தில் ஏறலாம் என்றால், அது வேர் பெயர்ந்து, தண்டு பிளந்து, பால் வடியச் சாய்ந்து கிடந்தது.

நீந்தத் தெரியாத சுருளப்பன் எறும்புகளிடம் ஓடி வந்தான். "அம்மா தாயே! என்னையும் கூட்டிட்டுப் போங்க!"

"தாராளமா வாங்கண்ணே!" என்றாள் செம்பி என்ற எறும்பு. "தோணி இதோ ஆயிட்டே இருக்கு."

"தோணியா? எங்க?"

"நாங்கதான் தோணி!"

சுருளப்பன் பார்த்தான். ஒருத்தி இன்னொருத்தியின் காலைப் பிடித்தாள். பிடி சரியாக உட்காரவில்லை. விட்டுவிட்டு அடுத்தவளைப் பிடித்தாள். அவள் இன்னொருத்தியைப் பிடித்தாள். ஒரே தள்ளுமுள்ளு!

"இது தோணியா, சந்தைக்கடையா? யாரும்மா இங்க மேஸ்திரி?"

"அப்படி யாரும் கிடையாதுண்ணே. பக்கத்துல இருக்கறவளப் பிடிக்கணும். பிடி நிக்கலன்னா விட்டுட்டு வேற ஆளப் பிடிக்கணும். அவ்வளவுதான்!"

சுருளப்பன் தலையில் அடித்துக்கொண்டான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சோப்பு நுரையை அவன் பார்த்ததில்லை. அதிலுள்ள மூலக்கூறுகள் தண்ணீரை விரும்பும் முனையைத் தண்ணீர்ப் பக்கமும், விரும்பாத முனையை மறுபக்கமும் திருப்பிக்கொண்டு தாமாகவே அணிவகுக்கும். யாரும் பிரம்பை ஓங்குவதில்லை. நம் உடம்பில் ஒவ்வொரு உயிரணுவின் மேலுறையும் அப்படிச் சேர்ந்து நிற்பதுதான். இதெல்லாம் தெரிந்த நாமே நாலு பேர் கூடினால் தலைவர் யார் என்றுதானே முதலில் கேட்கிறோம்!

"பிடிச்சா விடவே கூடாது! அதான் பலம்!" என்று சுருளப்பன் அதட்டினான். ஓரத்தில் நின்ற இளசுகளைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினான். பலாப்பாலைத் தொட்டு ஒவ்வொருத்தியின் காலையும் அடுத்தவள் காலோடு ஒட்ட வைத்தான். செம்பி தடுத்துப் பார்த்தாள். "நீ சும்மா இரு!" என்று அவள் வாயை அடைத்துவிட்டான்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. கோடு போட்ட மாதிரி தோணிக்கு ஒரு மூலை! அந்த மூலையில் ஏறிக் கப்பல்காரன் போல உட்கார்ந்துகொண்டான் சுருளப்பன். ராணியும் முட்டைகளும் நடுவில். தண்ணீர் மேட்டையும் மூடியதும் தோணி மிதந்தது.

நடு ஆற்றில் ஒரு கட்டை வந்து மோதியது. தோணியின் நடுவே ஓட்டை விழுந்தது. சுற்றியிருந்தவர்கள் பழைய பிடியை விட்டார்கள், புதுப் பிடி பிடித்தார்கள். ஓட்டை மூடிக்கொண்டது!

ஒட்டிய மூலையோ நெளியவும் இல்லை, வளையவும் இல்லை. பட்டென்று கிழிந்து தோணியிலிருந்து பாதி பிரிந்து தொங்கியது. அடியில் இருந்தவர்கள் தண்ணீருக்குள் போனார்கள். மற்ற இடத்தில் என்றால், மூச்சு முட்டுகிறவள் மேலே வருவாள், மேலே இருப்பவள் கீழே இறங்குவாள். இங்கே ஒருத்தியும் அசைய முடியவில்லை.

"அண்ணே! காலை எடுக்க முடியல! மூச்சு முட்டுது!"

 வழக்கம்போல் சுருண்டுகொள்ளலாமா என்று நினைத்தான் சுருளப்பன். அந்தக் குரல்கள் விடவில்லை. தான் ஒட்டிய குழந்தைகள் தன் கண்முன்னே சாகின்றன!

"செம்பி! நான் என்ன செய்யட்டும்? சொல்லு!"

"என்னக் கேக்காதீங்க! பக்கத்துல இருக்கறவளப் பிடிங்க!"

அவன் உடம்பை நீட்டினான். முன்கால்களால் தோணியையும் பின்கால்களால் கிழிந்த மூலையையும் பற்றிக்கொண்டு பாலமாகக் கிடந்தான். எறும்புகள் அவன் முதுகில் ஓடி, பலாப் பிசினைக் கடித்துக் கடித்து எடுத்தன. ஒவ்வொருத்தியாக விடுபட்டு மேலே வந்தாள். சிலருக்கு ஒரு கால் பிசினோடு போயிற்று. ஆனால் எல்லாரும் உயிர் பிழைத்தார்கள்.

அலை அடிக்கும்போதெல்லாம் அவன் ஒரு பிடியை விட்டு இன்னொன்றைப் பிடித்தான். யாரும் சொல்லித் தரவில்லை.

தோணி கரை தொட்டது. எறும்புகள் பிடியை விட்டன. தோணி இருந்த இடத்தில் வெறும் எறும்புகள்தான் இருந்தன!

கால் இழந்த ஒரு சின்னவள் நொண்டி நொண்டி வந்தாள். சுருளப்பன் குனிந்தான். "என்னாலதாம்மா உனக்கு இப்படி ஆச்சு. மன்னிச்சிடு," என்றான்.

"சரிண்ணே," என்றாள் அவள். "கொஞ்சம் நகருங்க, புற்றுக்கு மண் எடுக்கணும்."

மேஸ்திரி உடனே நகர்ந்தான்.

பிடிக்கவும் தெரிந்து, தவறான பிடியை விடவும் தெரிந்தவர்கள் ஒன்று சேர்ந்தால், அதிகாரம் செய்ய ஆள் இல்லாமலே பெரிய காரியம் உருவாகும்.