ஏழு ஊருக்கும் ஒரே கிழங்கு

மலைகள் எல்லாம் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் குட்டையாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் செங்கரை நாடு என்று ஒரு நாடு இருந்தது. நாட்டில் ஏழு ஊர். ஏழு ஊருக்கும் ஒரே கொடி.

கொடி என்றால் பந்தலில் ஏறுகிற கொடிதான், ஆனால் பேசும். அரண்மனைக்குப் பின்னால் ஒரு நிலவறையில் அதன் கிழங்கு இருந்தது. அங்கிருந்து கிளம்பிய கொடி சுவர் ஏறி, ஆறு தாண்டி, வீட்டுக்கு வீடு ஜன்னல் வழியாக நுழைந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஊதாப் பூவாகத் தொங்கியது. பூவுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "கொடியே கொடியே, சொல்லு" என்றால் போதும். அக்கரையில் இருக்கும் அண்ணனுக்குச் சேதி சொல்லும். எந்தப் பாதையில் வெள்ளம் இல்லை என்று வழி சொல்லும். சந்தையில் எது யாரிடம் கிடைக்கும் என்று ஆளைச் சொல்லும். சேதி, வழி, சந்தை, மூன்றும் ஒரே பூவில்!

இதைக் கொண்டுவந்தவன் தூமகேசன் என்கிற மந்திரவாதி. "காசு வேண்டாம், தானியம் வேண்டாம், ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள்" என்றான். யாருக்குத்தான் கசக்கும்? எல்லோரும் திறந்து வைத்தார்கள்.

பொய் சொல்லக் கூடாது, கொடி நல்லதுதான் செய்தது. மலையடிவாரத்தில் வள்ளிக்கிழங்கு பயிரிடும் மருதாயியைக் கேட்டால் அவளே சொல்வாள். கணவனை இழந்தவள். அவளுக்கு இருப்பதெல்லாம் ஆறு வயது மகள் அல்லி ஒருத்திதான். போன ஐப்பசி மழையில் அல்லிக்குக் காய்ச்சல் ஏறிக் கண் சொருகியபோது, அந்தப் பூதான் அக்கரை வைத்தியரைக் கூப்பிட்டுக் கொடுத்தது. அன்றைக்கு மருதாயி அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆனால் கொடி வளர வளர மற்றதெல்லாம் தேய்ந்தது. சேதி கொண்டு ஓடுகிறவர்கள் வேலையை விட்டார்கள். வழிகாட்டிகள் வழியை மறந்தார்கள். சந்தையில் கூவி விற்கிறவர்களுக்குத் தொண்டை போயிற்று. கீழையூரில் ஒரு குயவன் சின்னதாக இன்னொரு பேசும் கொடி வளர்த்தான். ஒரே வாரத்தில் பெரிய கொடி அதைச் சுற்றி வளைத்து விழுங்கிவிட்டது. "ஐயோ பாவம்" என்று ஜனங்கள் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தையும் பெரிய கொடியிடமே சொல்லி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள், என்ன செய்ய!

ஒரு நாள் தூமகேசன் மருதாயியின் வரப்பில் வந்து நின்றான்.

"உன் விதைக்கிழங்கை எல்லாம் என் கிடங்கில் போட்டுவிடு. வேண்டியவர்கள் என்னிடம் வந்து வாங்கிக்கொள்ளட்டும்."

"கிழங்கு என்னுது சாமி. கேக்கறவங்களுக்கு நானே குடுத்துக்கறேன்."

"அப்படியா? சரி" என்று அவன் சிரித்தான். "உன்னை நான் ஒன்றும் செய்யப்போவதில்லை. கொடி இனிமேல் உன் பேரைச் சொல்லாது, அவ்வளவுதான். கொடி சொல்லாத ஆளை முதல் நாள் சந்தை மறக்கும். இரண்டாம் நாள் தெரு மறக்கும். மூன்றாம் நாள் பொழுது சாயும்போது பெற்ற பிள்ளையும் மறக்கும்."

மருதாயி மண்வெட்டியைக் கையில் எடுத்தாள். சும்மா மிரட்டுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதல் நாள் சந்தைக்குப் போனாள். கூடையை இறக்கி வைத்துக் கூவினாள். வருஷா வருஷம் அவளிடம் வாங்குகிறவர்கள், வழியில் நட்ட கம்பத்தைச் சுற்றிப் போகிறமாதிரி அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு ரங்கம்மாளைக் கூப்பிட்டாள். கையைப் பிடித்தே இழுத்தாள். ரங்கம்மாள் கையைத் தேய்த்துக்கொண்டு, "என்ன இது, இப்படிச் சில்லுனு காத்தடிக்குது" என்று உள்ளே போய்விட்டாள். மருதாயி ஓடிவந்து பூவிடம் குனிந்தாள்.

"கொடியே கொடியே, சொல்லு. மருதாயி எங்கே?"

"அப்படி யாரும் இல்லை" என்றது கொடி, ரொம்ப மரியாதையாக.

மூன்றாம் நாள் காலையில் அல்லி கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்தாள்.

"அம்மா, உன் மூஞ்சி மங்கலாத் தெரியுது."

அவ்வளவுதான். மருதாயி ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. இடுப்பில் அரிவாளைச் செருகினாள், மகளைத் தூக்கினாள், அரண்மனைக்கு ஓடினாள்.

அரசன் கதிர்வேந்தன் நல்லவன்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் பயம். அவனுக்கு மருதாயி தெரியவில்லை, அல்லி மட்டும்தான் தெரிந்தாள். அம்மா காதில் சொல்லச் சொல்ல, குழந்தை சபைக்கு எடுத்துச் சொன்னாள்.

"எங்கம்மா இங்கதான் நிக்கிறாங்க ராசா. யாரும் பாக்க மாட்டேங்கிறாங்க. கொடி பேர் சொல்லாட்டி ஆள் இல்லைன்னு ஆயிருமா? நீங்க அதை வெட்டிருங்க."

அரசன் வாளில் கை வைத்தான். "அரசே, ஒரே கிழங்கு, ஒரே உயிர்" என்றான் தூமகேசன். "கத்தி பட்டால் செத்துப்போகும். அப்புறம் எல்லையில் எதிரி வந்தால் உங்களுக்கு யார் சேதி சொல்வது?" அரசன் கையை எடுத்தான்.

மறுபடி கை வைத்தான். "வெள்ளம் வந்தால் யார் வழி சொல்வது?" கையை எடுத்தான்.

மூன்றாவது முறையும் வைத்தான். "ஏழு ஊருக்கும் அரிசி எங்கே இருக்கிறது என்று யார் சொல்வது?" எடுத்துவிட்டான்.

"நாளைக்கு யோசிப்போம்" என்றான் அரசன், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"நாளைக்கு எனக்கே எங்கம்மா ஞாபகம் இருக்காதே!" என்று அல்லி அழுதாள். சபையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எல்லார் வீட்டிலும்தான் பூ இருக்கிறதே.

மருதாயி வெளியே வந்தாள். பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எதிரே நிலவறை வாசல், வாசலில் மூன்று காவலர்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சந்தையில் யாருக்கும் தெரியாதவள் காவலுக்கு மட்டும் தெரிவாளா? இவள் இல்லை என்று ஆக்கியவன் தூமகேசன். இல்லாத ஆளை எவன் தடுப்பான்?

அல்லியை நிலவறை ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இங்கேயே உக்காந்திரு கண்ணு. அம்மா அம்மான்னு சொல்லிக்கிட்டே இரு. எது வந்தாலும் நிறுத்தாதே."

"அம்மா, அம்மா, அம்மா" என்று அல்லி ஆரம்பித்தாள்.

மருதாயி மூன்று காவலர்களையும் உரசிக்கொண்டு உள்ளே போனாள். கிழங்கைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். யானை அத்தனை பெரிது! பளபளவென்று தோல், அதன் உச்சியிலிருந்து கொத்துக் கொத்தாகக் கொடி. ஏழு ஊர்ப் பேச்சும் அதற்குள் தேனீக் கூடுபோல இரைந்தது. அரிவாளை ஓங்கினாள்.

அந்தரத்தில் அரிவாள் மிதப்பதைப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த தூமகேசன் அலறினான். போட்ட மந்திரம் அவனையும் விடவில்லை, அவனுக்கும் அவளைத் தெரியவில்லை. காற்றைப் பார்த்துக் கெஞ்சினான்.

"யாரது? வெட்டாதே! இந்த நிமிஷம் மேலையூரில் ஒருத்தி பிரசவ வலியில் மருத்துவச்சியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நீ வெட்டினால் அவள் குரல் பாதியில் அறுந்துபோகும். நாளைக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வார்கள்?"

ஓங்கிய கை இறங்கிவிட்டது. அவன் சொல்வது பொய்யில்லையே. கண் சொருகிக் கிடந்த அல்லி அவள் கண்முன் வந்து நின்றாள். என் பிள்ளைக்காக ஊரான் பிள்ளையை ஊமையாக்குவதா? தடுமாறிக் கிழங்கின்மேல் கையை ஊன்றினாள்.

கட்டைவிரல் பொதுக்கென்று உள்ளே போயிற்று.

விரலை எடுத்து முகர்ந்தாள். அழுகல்! சுற்றி வந்து பார்த்தாள். பின்பக்கம் கால்வாசி கறுத்துக் குழகுழவென்று கிடந்தது. கிழங்கு பயிரிடுகிற எவளுக்கும் இது தெரியும். வருஷா வருஷம் தோண்டிப் பிரித்து வைக்காத கிழங்கு, வெளியே பெருத்து உள்ளே அழுகும். இன்னும் ஒரு மழை தாங்காது. தூமகேசன் மந்திரம் படித்தான், தந்திரம் படித்தான், ஒரு நாளாவது மண்வெட்டி பிடித்தானா? விதைக்கிழங்கை முழுசாக வைத்தால் உயிரோடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், கூறுகெட்டவன்!

ஜன்னலில் அல்லியின் குரல் மெலிந்திருந்தது. "அம்மா... அம்மா..."

முதல் வெட்டு வெட்டினாள். ஏழு ஊரிலும் சேதி நின்றது.

"அம்மா... அம்..."

இரண்டாம் வெட்டு வெட்டினாள். ஏழு ஊரிலும் வழி நின்றது.

மூன்றாம் வெட்டு வெட்டினாள். சந்தை நின்றது, இரைச்சல் நின்றது, எல்லாப் பூவும் குவிந்தது. ஜன்னலில் அல்லியின் குரலும் நின்றுபோயிற்று.

மந்திரம் உடைந்தது. தூமகேசன் ஒரு சாதாரணக் கிழவனாகச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். மருதாயி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாள். ஆனால் போனது போனதுதான். கொடி மறக்கடித்ததை இன்னொரு கொடி சொன்னால்தான் திரும்ப வரும். அவள் வெளியே ஓடிவந்தபோது அல்லி ஒதுங்கி உட்கார்ந்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

அரசன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "அடிப்பாவி! கொன்றுவிட்டாயே!"

"கொல்லலை ராசா" என்றாள் மருதாயி. "விதை வெட்டியிருக்கேன். அழுகினதைச் செதுக்கிட்டு, துண்டுக்குத் துண்டு தோலும் முளைக்கண்ணும் இருக்கறமாதிரி பிரிச்சு, சாணிக்கரைசல்ல முக்கி, நிழல்ல காயவெச்சு நட்டா நாப்பது நாள்ல முளைக்கும். ஊருக்கு ஒண்ணா ஏழு கொடி."

"முளைக்காவிட்டால்?"

"முளைக்காட்டி எனக்குத்தான் முதல்ல போச்சு" என்று மகளைப் பார்த்தாள்.

ஏழு ஊரிலும் ஏழு துண்டு நட்டார்கள். அந்த நாற்பது நாளும் நாடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வண்டிகள் வழி தப்பின. மேலையூருக்கு மருத்துவச்சியை ஓர் ஆள் ஓடிப்போய் அழைத்துவந்து சேர்ப்பதற்குள், தாயும் பிள்ளையும் பிழைத்தது பெரும்பாடு. போகிறவர் வருகிறவர் எல்லாம் மருதாயியைத் திட்டினார்கள். அல்லி அவளை "அத்தை" என்றாள். அத்தை ஊட்டினால் சாப்பிட்டாள், அத்தை தலை வாரினால் காட்டினாள், ராத்திரி மட்டும் தள்ளிப் படுத்துக்கொண்டாள். நட்டதைக் கிளறிப் பார்க்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன மருதாயி, தினம் காலையில் தன் ஊர்த் துண்டை விரலால் கிளறிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

முப்பத்தேழாம் நாள் கீழையூரில் முளை வந்தது. அடுத்தது மேலையூரில். பிறகு எல்லா ஊரிலும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் பூத்தது. ஒரு கொடி சொல்லாத வழியை இன்னொரு கொடி சொன்னது. அரசன் முதல் தடவையாக நடுக்கம் இல்லாமல் மூன்று சட்டம் போட்டான். ஒரு கொடி இன்னொரு கொடியை விழுங்கக் கூடாது. கொடி வளர்க்கிறவன் சந்தையில் கடை போடக் கூடாது. எந்தக் கிழங்கும் வருஷத்துக்கு ஒருமுறை தோண்டிப் பார்க்காமல் பூமிக்குள் கிடக்கக் கூடாது. தூமகேசனுக்கும் ஒரு சின்னத் துண்டு கொடுத்து, "வேலி தாண்டாமல் வளர்த்துக்கொள்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். மருதாயி சிரிக்கவில்லை. அவள் பேர் இன்னும் வரவில்லையே.

மஞ்சள் பூவிடம் போய்க் கேட்டாள். "கொடியே கொடியே, சொல்லு. மருதாயி எங்கே?" அதற்குத் தெரியவில்லை. சிவப்புப் பூவிடம் கேட்டாள். அதற்கும் தெரியவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பை மூட்டினாள். அல்லி ஜன்னலோரம் விளையாடிக்கொண்டிருந்தாள். அங்கே, மருதாயி தினம் கிளறிப் பார்த்த அதே துண்டின் கொடியில், அன்றைக்குத்தான் விரிந்த ஒரு வெள்ளைப் பூ இருந்தது. அக்கரையிலிருந்து யாரோ ஓர் உழவன் அதில் கேட்டான்.

"நல்ல விதைக்கிழங்கு யாருகிட்ட இருக்கு?"

"மலையடிவாரத்தில் மருதாயியிடம் இருக்கிறது. அல்லியின் அம்மா மருதாயி" என்றது பூ.

அல்லி கையில் இருந்ததைக் கீழே போட்டாள். திரும்பி அடுப்படியைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. ஓடிவந்து மருதாயியின் வயிற்றில் முகத்தை முட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அடித்தாள்.

"எங்க போயிருந்தே இத்தனை நாளா? எங்க போயிருந்தே?"

மருதாயி அந்த அடியை எல்லாம் வாங்கிக்கொண்டாள்.

"இங்கதாண்டி இருந்தேன்" என்றாள்.

அடுப்பில் வைத்த சோறு அன்றைக்குக் குழைந்துபோயிற்று. குழைந்த சோற்றை அம்மாவும் மகளும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது காத்திருப்பார்கள், எழுந்து போங்கள்.